வெள்ளாற்றுப் பாலமும் மாமனார் கல்லும்

நெய்வேலி,
11-2-1963

அன்பு மச்சான் கொளஞ்சியப்பனுக்கு, குவார்ட்டர்ஸிலிருந்து மாமா சிங்காரவேல் எழுதுவது. நானும் உன் அக்காள் ஆதிலட்சுமியும் நலம். காடாம்புலியூரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

காலஞ்சென்ற உன் அப்பாவின் சமாதிக் கல்லில் ‘வெள்ளாற்று ரயில் பாலத்தைக் கட்டியவர்’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறாயாமே. அதை உடனே நிறுத்து.

நேற்று எனக்கு ஷிப்ட் இல்லை. அப்பா போனதிலிருந்து சோறு இறங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் அக்காளை, அந்தப் பாலத்தையாவது பார்க்கட்டும் என்று கூட்டிப்போனேன். பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது, மீதி தூரம் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியில் போய், இறங்கும்போது செருப்பு வார் அறுந்து, வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து, அப்பாடா என்று பாலத்து இரும்பில் சாய்ந்தால் அது புதிதாகப் பூசிய தார், என் கல்யாணச் சட்டை முதுகு பூராவும் போச்சு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஓர் இரும்புப் பலகை. அதில் சீமைக் கம்பெனியின் பேரும், பாலம் கட்டிய வருஷமும். உன் அப்பா பிறப்பதற்கு முந்தின வருஷம், மச்சான். உன் அக்காள் கண்ணில் படாதபடி அதை மறைத்து நின்றுகொண்டேன்.

அந்த வழியாகத் தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு வந்த ரயில்வேக்காரர் நைனா முகமதுவிடம் உன் அக்காள் விசாரித்துவிட்டாள்.

“காடாம்புலியூர் ராமலிங்கமா? பெயிண்ட் டப்பாவோட ஆத்துல வுழுந்தாரே, அவருங்களா?” என்றார் அவர்.

ஒரு வெள்ளத்தில் தூண் சாய்ந்து, அதை நிமிர்த்த வந்த ஆட்களில் உன் அப்பாவுக்குப் பெயிண்ட் வேலையாம். ரயில் போன அதிர்வில் விழுந்து, செக்கச்செவேலென்று கரையேறினாராம். ரத்தம் என்று நினைத்து மேஸ்திரி மயங்கிவிட்டாராம்.

“அதோட வூட்டுக்கு வந்துட்டாருங்களா?”

“இல்லம்மா. மறுநாளும் ஏறினாரு. வுழுந்த எடத்துலேருந்தே பூசிகினு போனாரு.”

உன் அக்காள் சிரித்தாள், மச்சான். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோறு முழுவதையும், என் பங்கையும் சேர்த்து, அவளே சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகையால் அவர் பாலம் கட்டவில்லை. பேரும் தேதியும் போதும். விவரம் தெரிந்தவன் சிரிக்கும்படி வைக்காதே.

பிள்ளைகளுக்குப் படிப்பும் உனக்கு நல்ல மகசூலும் முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
மாமா சிங்காரவேல்

பி.கு.: உன் அக்காள் இதைப் படித்துக்காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, “அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் மேல ஏறி நின்னு ஆணி அடிச்சானாங்க? அவன் பேரு இரும்புல இருக்குதில்ல?” என்றாள். ‘கட்டியவர்’ என்றே வெட்டச் சொல். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.