கைகழுவி சுமந்த ஏணி

ஆபீசில் அவருக்குப் பேரே 'கைகழுவி'தான். உலகம் பூரா சாமான் விற்கிற இணையச் சந்தை, அதில் புகார்ப் பிரிவு. எது உடைந்து வந்தாலும் அவரிடம் ஒரே பதில்: "நாங்கள் வெறும் சந்தை. விற்றவரைக் கேளுங்கள்." ஒன்பது வருஷமாக ஒருத்தரும் அவரைத் தாண்டியதில்லை. அடுத்த மாசம் பிரிவுத் தலைவர் பதவி அவருக்குத்தான் என்று பேச்சு. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து, அதே சந்தையில் வீட்டம்மா வாங்கிய மடக்கு ஏணி, மடங்கக் கூடாத நேரத்தில் மடங்கியது. சோபாவில் விழுந்ததால் தப்பித்தாள்.

"ஏங்க, உங்க கம்பெனி ஏணி என்னைத் தள்ளி விட்டுருச்சு."

"எங்க ஏணி இல்லம்மா. வித்தவனைக் கேளு."

"அவன் எங்க இருக்கான்?"

"அதைத்தான் யாராலயும் கண்டுபிடிக்க முடியாதே!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அப்ப உங்களை ஜெயிக்க ஆளே கிடையாதா?"

"நானே நினைச்சாத்தான் உண்டு."

"போங்க, சும்மா அளக்காதீங்க."

இப்படிச் சொன்னால் எந்தப் புருஷன் சும்மா இருப்பான்? எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டுக்கோ! ஏணி இருந்தது யார் கிடங்கு? எங்க கிடங்கு. பெட்டி கட்டினது? எங்க ஆளு. 'எங்கள் சிபாரிசு'ன்னு பச்சை முத்திரை குத்தினது? நாங்களேதான்! வித்தவனுக்கு விலாசம் இருக்கான்னுகூடப் பார்க்காம கடை போட விட்டது யாரு? இத்தனையும் செஞ்சுட்டு வெறும் சந்தைன்னா எந்த ஜட்ஜ் நம்புவாரு? இதை ஒருத்தன் எழுதிக் கேட்டான்னா எங்க கதை கந்தல்!"

"அடேயப்பா! கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றாள். கையில் பேனா. மளிகைச் சீட்டு எழுதுகிறாள் என்று நினைத்தார், பாவம்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். "யாரோ ஒரு அம்மா எழுதியிருக்காங்கய்யா. கிடங்கு, முத்திரை, விலாசம், ஒரு ஓட்டை விடலை. கோர்ட்டுக்குப் போனா தொலைஞ்சோம். நம்ம ஆளு எவனோதான் சொல்லிக் கொடுத்திருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

கைகழுவி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். வீட்டம்மா கையெழுத்து! கடிதத்தில் அவள் பிறந்த வீட்டுப் பேர் இருந்ததால் தலை தப்பியது.

"உங்க தெருதான் போல. புது ஏணியை நீங்களே கொண்டுபோய்க் குடுத்து, மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

நாலு மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க மணியடித்தார். கதவு திறந்தது.

"யாரு வேணும்?"

"விளையாடாதேம்மா! என் வேலைக்கே உலை வெச்சிருப்பியே!"

"உங்க பேரை நான் எங்கயாவது எழுதினேனா? முதல்ல மன்னிப்பு."

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கேட்டுத் தொலைத்தார். ஏணியை விரித்துப் போட்டதும், "நீங்களே ஏறிக் காட்டுங்க," என்றாள். ஏறினார். கீழேயிருந்து ஒரு ஈரத்துணி மேலே வந்தது.

மறுநாள் காலை ஆபீசில் அவர் மேஜைக்கு முதலில் வந்தது வாடிக்கையாளர் மதிப்புரை, மூன்று நட்சத்திரம்: "ஏணி நன்று. கொண்டு வந்தவர் பரணையும் துடைத்துக் கொடுத்தார். வாயைக் குறைத்தால் முன்னுக்கு வருவார்."