வளர்ற பிள்ளைக்கு வாங்கிய பல் கவசம்

சந்தேகப் பிராணிகளுக்கு ஒரு வசதி உண்டு. பத்து முறை சந்தேகப்பட்டால் ஒரு முறையாவது அது சரியாக இருந்துவிடும். அந்த ஒன்றைக் காட்டியே வீட்டில் இருப்பவர்களை ஆயுள் முழுக்க வதைக்கலாம். நான் வதைத்திருக்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்து, உறையில் போட்டிருந்த கணக்கு சரியாக இருந்ததால் ஏமாற்றம் அடைந்தவன் நான். (தணிக்கை வேலை பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டேன் என்பார் என் மனைவி கோமதி. இல்லை, இப்படி இருந்ததால்தான் அந்த வேலை கிடைத்தது.)

எங்கள் மகள் செண்பகா எட்டாம் வகுப்பில் கபடிக் குழுவில் சேர்ந்தாள். அவளுடைய விளையாட்டு ஆசிரியை ஜெயந்தி டீச்சர் ஒரு நாள் போனில் பேசினார்.

“சார், குத்தாலத்துல மாவட்டத்துக்கு ஆள் எடுக்கிற போட்டி வருது. செண்பகாதான் எங்களுக்குப் பாடிப் போற பிள்ளை. ஆனா பல் கவசம் இல்லாம யாரையும் எறக்க மாட்டேன். போன வருசம் ஒரு பிள்ளைக்கு முன்பல்லு போயிருச்சு. நம்ம பல் டாக்டரம்மாகிட்டப் போனா வாய்க்கு அளவா வச்சுத் தருவாங்க.”

‘நம்ம’ என்ற சொல்லில் என் காது நின்றது. போனை வைத்ததும் கோமதியிடம் கேட்டேன்: “அந்த டாக்டரம்மாவுக்கும் டீச்சருக்கும் என்ன உறவு?”

“ரெண்டு பேரும் பொம்பளைக. அதுதான் உறவு” என்றார் கோமதி. “பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.”

போனேன். டாக்டரம்மா செண்பகாவின் வாயைப் பார்த்து, “நல்ல பற்கள்” என்றார். ஒரு மருத்துவர் நல்ல பற்கள் என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒரு செலவைச் சொன்னால் அதில் சூது இல்லாமல் எப்படி இருக்கும்? “யோசித்துச் சொல்கிறேன்” என்று மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இணையத்தில் நானே ஒன்றை வரவழைத்தேன். வெந்நீரில் முக்கினால் இளகும். கடித்தால் பல்லின் அச்சு விழும். குளிர்ந்த நீரில் காட்டினால் இறுகிவிடும்.

சிறுவர் அளவு, பெரியவர் அளவு என்று இரண்டு இருந்தன. எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் எதையும் அளவாக வாங்கியதில்லை. பாவாடையில் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்போம். செருப்பின் நுனியில் பஞ்சு வைப்போம். வளர்ற பிள்ளை அல்லவா? பெரியவர் அளவையே வாங்கினேன்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை பெட்டி வந்தது. செண்பகா அதை வாயருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது லாடம் மாதிரி இருக்கு” என்றாள்.

“வளர்ந்தா சரியாப் போகும்ட்டி.”

“நாளைக்குக் காலைலக்குள்ளயா?”

அந்தக் கேள்வியை நான் பொருட்படுத்தவில்லை. வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. இது என்ன பிளாஸ்டிக்? வெந்நீரில் போட்டால் நஞ்சு ஏதும் கக்குமா? பெற்ற பிள்ளை வாயில் அப்படியே திணிக்கலாமா? வழிமுறைச் சீட்டை ஒரு வரி விடாமல் படித்தேன். ‘செயற்கைப் பல் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தது. பிள்ளைகளுக்கு ஏது செயற்கைப் பல்? ‘பொருந்தாது’ என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு மேலே சென்றேன்.

வெந்நீரில் முக்கினேன். இளகியது. என் வாயில் வைத்துக் கடித்தேன்.

“நீங்க என்னத்துக்குக் கடிக்கீய?” என்றார் கோமதி.

பதில் சொல்ல முடியாததால், சாம்பாரை ருசி பார்ப்பது போல் கையால் சைகை காட்டினேன். குளிர்ந்த நீரை வாயில் ஊற்றிக்கொண்டேன். இறுகியது. நஞ்சு இல்லை, எரிச்சல் இல்லை. கவசம் தேறிவிட்டது என்ற திருப்தியோடு பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். ‘டொக்’ என்றது. கவசம் வந்தது. அதனுள்ளே என் முன்பல் ஒன்றும் வந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி நாளில் கில்லி பட்டு என் முன்பல் ஒன்று பாதியில் முறிந்தது. பெண் பார்க்கப் போவதற்கு முன் அதன் மேல் ஓர் உறை போட்டுக்கொண்டேன். பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. கேட்கிற அளவுக்கு அவர்கள் தணிக்கை உத்தியோகத்தில் இல்லை.

கோமதி கவசத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க சிரிச்சப்ப இந்தப் பல்லப் பாத்துத்தான் நான் சரின்னு சொன்னேன்” என்றார். “இன்னும் என்னென்ன கழலும்? இப்பமே சொல்லிருங்க.”

அன்று முதல் எங்கள் வீட்டில் சந்தேகப்படும் உரிமை அவருக்குக் கைமாறியது.

செண்பகா அழத் தொடங்கினாள். கவசம் இல்லாவிட்டால் டீச்சர் இறக்க மாட்டார். கவசம் என் வாய்க்கு அச்சாகிவிட்டது. வேறு வழியின்றி, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்த அதே டாக்டரம்மாவிடம் மூவரும் போய் நின்றோம். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சிறுவர் அளவுக் கவசம் ஒன்றை எடுத்து, செண்பகாவின் வாயில் பதித்து, ஓரத்தை நறுக்கிச் சரிசெய்தார்.

“பாடிக் காட்டும்மா.”

“கபடி கபடி கபடி…” தெளிவாக வந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க உறை விரிஞ்சு போச்சு சார், புதுசுதான் செய்யணும். அது வரைக்கும் அதிகமாப் பேசாதீங்க” என்றார். (கோமதி அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.)

மறுநாள் குற்றாலத்தில் நல்ல சாரல். தகரக் கொட்டகைக்குள் விரிப்பு போட்டிருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பல்வலியா என்று கேட்டவர்களுக்குத் தலையாட்டினேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக இருந்தன. செண்பகா பாடிப் போனாள். எதிர்ப் பக்கத்து உயரமான பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுக்கோட்டுக்கு இரண்டு எட்டுதான். என்னை மறந்தேன். துண்டு விழுந்தது. எழுந்து நின்று கத்தினேன்:

“செண்பகா! சீக்கிரம்!”

விசில் சத்தம் கேட்டது. செண்பகா பாட்டை நிறுத்தி, ஓட்டத்தையும் நிறுத்தினாள். உயரமான பெண் பின்னாலிருந்து வந்து அப்படியே அமுக்கிவிட்டாள்.

“அவுட்டு! அவுட்டு!” என்று எதிர்ப் பக்கம் குதித்தது.

“நடுவர் ஊதிட்டாருல்லா, அதான் நின்னேன்!” என்றாள் செண்பகா.

“நான் ஊதவே இல்லை” என்றார் நடுவர். விசில் அவர் கழுத்தில்தான் தொங்கியது.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எதிர்ப் பள்ளிக்காரர்கள் ஓர் ஆளைக் கூட்டத்தில் ஒளித்து வைத்து ஊதியிருக்கிறார்கள்! எத்தனை வருட அனுபவம் எனக்கு? விரிப்பு வரை போய்விட்டேன்.

“சார், இது சதி! எல்லார் சட்டைப் பையையும் சோதனை செய்யுங்க!”

நடுவர் என்னை உற்றுப் பார்த்தார். ஜெயந்தி டீச்சர் நெற்றியில் கை வைத்தார். எதிர்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, “ஐயோ, இவருதான் விசிலு!” என்றாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் நடுவர், மிகுந்த மரியாதையோடு.

“எதை?”

“அந்தச் சதிய.”

சொன்னேன். ‘ச’ வந்த இடத்திலெல்லாம் பல் போன சந்தில் விசில் பறந்தது. கொட்டகையே சிரித்தது. அடுத்த விரிப்பில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தங்கள் நடுவரைப் பார்த்தார்கள்.

அந்தப் பாட்டை மறுபடி பாடலாம் என்று தீர்ப்பானது. நான் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே போக வேண்டும் என்பது நிபந்தனை. போனேன். கம்பி வேலிக்கு அப்பால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்களுக்கு நடுவில், சாரலில் நனைந்தபடி எட்டிப் பார்த்தேன். தலைகளுக்கு இடையில் செண்பகா போவது தெரிந்தது. ஆட்கள் மேலே விழுவது தெரிந்தது. அந்த உயரமான பெண்ணின் முழங்கை அவள் வாயில் இடிப்பதும் தெரிந்தது.

பிறகு தலைகள் மறைத்தன. விலகியபோது செண்பகா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். விரலிடுக்கில் சிவப்பு. உள்ளே ஓட எனக்கு அனுமதி இல்லை, கூப்பிடவும் துணிவில்லை. கூப்பிட்டால் ஆட்டம் நின்றுவிடும். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதிப் பல்லோடு ஒரு பையன் பள்ளி வகுப்புப் புகைப்படத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் அவளே வேலியருகே வந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது. கவசத்தைக் கழற்றிக் காட்டினாள். முன்பக்கத்தில் ஆழமாக ஒரு பள்ளம்.

“ஜெயிச்சுட்டோம்ப்பா. உதடுதான் கிழிஞ்சுது” என்றவள் வாயை அகலத் திறந்தாள். “எண்ணிக்கோங்க.”

எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. அப்படி இருந்ததில் நான் மகிழ்ந்தது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

செண்பகா மாவட்டக் குழுவில் சேர்ந்தாள். எனக்குப் புதுப் பல் வந்துவிட்டது. ஆனால் விளையாட்டு ஆசிரியர்களுக்குள் பேச்சு வேகமாகப் பரவும் போலிருக்கிறது. இப்போது எந்த ஊருக்குப் போட்டிக்குப் போனாலும், ஆட்டத்துக்கு முன் நடுவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகம் வெட்டியிருக்கிறார்களா, கவசம் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறார். அது முடிந்ததும் நேராகக் கூட்டத்துக்குள் என்னிடம் வருகிறார்.

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. கொஞ்சம் ஈன்னு காட்டுங்க.”