வலிக்காத காலுக்கு ஒரு நன்றி

அன்பு மருமகள் இசக்கிசெல்விக்கு, சுங்குவார்சத்திரத்திலிருந்து மாமன் தளவாய் எழுதுவது. நானும் உன் அத்தை சொர்ணம்மாளும் நலம். என் இடது கால் மட்டும் நலமில்லை. அதற்காகத்தான் இந்த நன்றிக் கடிதம்.

போன கோயில் கொடைத் திருவிழாவில் உன் நரம்பு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, நரம்பு பிழைத்திருக்க உடம்பே அதற்குத் தீனி அனுப்புகிறது, அதை வாங்கிக்கொள்ள நரம்பின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, அதில் ஒன்று பிறவியிலேயே பழுதான பிள்ளைகளுக்கு வலியே தெரியாது, சர்க்கரை நோயிலும் தீனி சரியாகச் சேராமல் கால் நரம்பு வாடலாம் என்று. நான்கூட "வலி தெரியலைன்னா அது வரம்லா தாயி!" என்று சிரித்தேன். அந்த வரம் சர்க்கரைக்காரனான எனக்கே கிடைத்துவிட்டது. சென்ற வாரம் ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டில் வந்தால் மெட்டல் டிடெக்டர் கத்துகிறது. பெல்ட்டைக் கழற்றினேன், சாவியைக் கொடுத்தேன், அரைஞாண் தாயத்துவரை காட்டியாயிற்று, அது விடுவதாக இல்லை. செக்யூரிட்டி கண்ணப்பன், பிள்ளைப்பாக்கத்துக்காரர், "இன்னா பெர்சு, ஷூல இன்னா வச்சிக்கினு கீற? கயட்டு!" என்றார். வெளியே நின்ற கம்பெனி பஸ்ஸே என்னைத் திருடனாகப் பார்க்க, என் நாணயத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துகொண்டே இழுக்கிறேன், இடது ஷூ வரவில்லை. அடியில் ஏறிய ஸ்குரூ ஒன்று காலையும் ஷூவையும் சேர்த்து முடுக்கி வைத்திருந்தது! "யோவ், வலிக்கலியா?" என்று கேட்ட கண்ணப்பன் எனக்குப் பதிலாகத் தாமே மயங்கி உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரேதான் என்னை ஆம்புலன்ஸ்வரை தூக்கி வந்தார்.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சர்க்கரையை அடக்கினால் உணர்ச்சி ஓரளவு திரும்பலாமாம், உறுதி சொல்ல முடியாதாம். ஆகவே அந்த மெஷினுக்கும், என்னைத் திருடன் என்று நினைத்த கண்ணப்பனுக்கும், முன்பே எச்சரித்த உனக்கும் கோடி நன்றி. உன் அத்தை தினமும் டார்ச் அடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. இனி வலி வந்தால் முனகாமல், மாப்பிள்ளையை அழைப்பதுபோல் வாசலில் நின்று வரவேற்பேன். இது சத்தியம்.

உன் படிப்பு ஓங்கட்டும். உன் ஆய்வகத்து எலிகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
மாமன் தளவாய்

பி.கு.: கவரை எடுக்க எழுந்தபோது இடது சுண்டுவிரலை கேஸ் சிலிண்டரில் இடித்துக்கொண்டேன். மேலே செய்த சத்தியத்தை வாபஸ் வாங்குகிறேன். நான் போட்ட கூச்சலில் உன் அத்தை ஓடி வந்து, "ஏங்க, வலிக்கா? நெசமாவே வலிக்கா?" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வலிக்கிறது தாயி, உயிர் போகிறது. எதற்கும் இன்னொரு தடவை இடித்துப் பார்க்கச் சொல்கிறாள்.