கூப்பிடாத கடை

என் மனைவி சரோஜாவின் தோட்டத்தை, மாடு கன்றுகளோடும் மாந்தோப்போடும் அழித்தவன் நான்தான். புயல் அடிக்கவில்லை, ஏரி உடையவில்லை. மவுஸை நான்கு முறை அழுத்தினேன், அவ்வளவே.

தோட்டம் கம்ப்யூட்டரில் இருந்தது. (சிரிக்க வேண்டாம். அவள் அழுததைப் பார்த்தவன் நான்.) ஆம்பூரில் அவளுடைய தங்கை கமலா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். எங்கள் மகள் இணையக் கடை ஒன்றில் இருவருக்கும் ஒரு விவசாய விளையாட்டை வாங்கித் தந்தாள். தோட்டம் சரோஜாவின் கணக்கில் இருந்தது. கமலா தினமும் மதியம் அங்கே வருவாள். போனில் பேசிக்கொண்டே அக்காவும் தங்கையும் வரப்பில் நடப்பார்கள். எழுந்து நிற்க முடியாத கமலா அங்கேதான் நடந்தாள்.

பிறகு விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. ஆனால் போட்டிக் கடையில் மட்டும். ஒரு வருடத்துக்கு வேறெங்கும் கிடைக்காதாம்.

“அந்தக் கடைக்கே போயிடலாம்க்கா” என்றாள் கமலா.

“மாட்டையெல்லாம் இங்க வுட்டுட்டு எப்படிடி வர்றது?”

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பி.காம். படித்து, பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை மேனேஜராகவே ஓய்வு பெற்றவன் நான். “இந்த டிசைன் எங்க கடையில மட்டும்தாம்மா” என்று நான் சொல்லாத நாளில்லை. அதே சேலை எதிர்க்கடையிலும் தொங்கும்.

“எல்லாம் யாவாரப் பேச்சு. நான் பேரம் பேசி இங்கியே வரவெக்கிறேன்” என்றேன்.

“இது அந்த மாதிரி கடை இல்லீங்க. கைய வெச்சிக்கினு சும்மா இருங்க.”

வெள்ளிக்கிழமை அவள் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனாள். கம்ப்யூட்டரை அணைக்காமல் போனாள்.

எங்கள் தெருவில் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. விலை படியாவிட்டால் எழுந்து படியிறங்கிச் செருப்பு மாட்ட வேண்டும். இரண்டாவது செருப்பு மாட்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். நானே ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். எனவே ‘கணக்கை மூடு’ என்ற இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினேன்.

‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆகா, இறங்கி வருகிறான்! அழுத்தினேன்.

‘உங்கள் விளையாட்டுகள், சேமித்தவை எல்லாம் போய்விடும்’ என்றது. இந்த மிரட்டலெல்லாம் யாரிடம்? அழுத்தினேன்.

இன்னொரு முறை கேட்டது. ஒரு செருப்பு மாட்டியாயிற்று, இனி நிற்கலாமா? அழுத்தினேன்.

‘நன்றி’ என்றது. பிறகு யாரும் கூப்பிடவில்லை.

சரோஜா குங்குமத்தோடு வந்து உட்கார்ந்தாள். “லட்சுமி எங்கீங்க?” என்றாள். (பசுவின் பெயர்.) சொன்னேன். என்னைத் திட்டவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள்.

“தோட்டம் போச்சுடி கமலா.”

“நான் நட்ட மாமரமுமாக்கா?”

சரோஜா போனை வைத்துவிட்டு அழுதாள். மதியப் போனும் நின்றது.

கடைக்கு அழகான ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதைவிட அழகான ஆங்கிலத்தில், மீட்க முடியாது என்று பதில் வந்தது. அதே விளையாட்டை அதே கடையில் என் பெயரில் வாங்கினேன். கமலாவுக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, தினமும் காலையில் மண் கொத்தினேன். பனிக்காலத்தில் முட்டைக்கோஸ் நட்டு மொத்தத்தையும் சாகடித்தேன்.

ஒருநாள் திரையில், வேலியோரம் வைக்கோல் தொப்பி ஒன்று தெரிந்தது. போன் அடித்தது.

“மாமா, மாந்தோப்பு கெழக்கால இருந்திச்சி. அங்க இன்னா நோண்டிக்கினு இருக்கீங்க?”

கமலா சிரித்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் எவ்வளவு நேரமாக நின்றாளோ, சரோஜா மவுஸைப் பிடுங்கினாள். “தள்ளுங்க” என்றாள்.

வருடம் முடிந்ததும் இரண்டாம் பாகம் பழைய கடைக்கே வந்தது, தானாகவே. இப்போது அதில் அக்காவும் தங்கையும் போட்ட தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது நான்.

போன மாதம் கமலா கைத்தடியோடு காஞ்சிபுரம் வந்தாள், சேலை எடுக்க. விலை படியவில்லை. பழக்க தோஷத்தில் நான் எழுந்தேன்.

“உக்காருங்க, கூப்ட மாட்டாங்க” என்றாள் சரோஜா, கடை முழுக்கக் கேட்கும்படி. கமலா தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

உட்கார்ந்தேன்.