ஸபீனா கூட்டிய கரை

உலகம் காப்பாற்றப்பட்டது பள்ளிவாசல்துறையில்தான். சரித்திரம் எழுதுகிறவர்கள் நாளைக்கு இதை ஜெனீவா என்றும் பாரிஸ் என்றும் மாற்றி எழுதிவிடக்கூடும். ஆகவே, பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் இப்போதே பதிவு செய்துவைக்கிறேன். கற்பிட்டிப் பக்கம், களப்போரம், ஏழெட்டுப் படகு ஏறுகிற அளவுக்கு ஒரு மணல் துண்டு. பூமியின் எதிர்காலம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. நாங்கள் பாட்டுக்கு அதன்மேல் படகை இழுத்து வைத்துக்கொண்டும் கருவாடு காயப்போட்டுக்கொண்டும் கிடந்திருக்கிறோம்.

அந்தத் துறையைக் கண்டுபிடித்த பெருமை 'பசுங்கரை உலகளாவிய முன்னெடுப்பு' என்ற நிறுவனத்தைச் சாரும். அதில் நான் 'சமூக அணிதிரட்டுநர்'. ஆட்களைக் கூட்டத்துக்குக் கூட்டிவருவதும் கதிரை அடுக்குவதும் என் பணிகள். அதற்கு முன் உப்பளத்தில் உப்புச் சுமந்தேன். அங்கே தலையில் மூட்டை, இங்கே கழுத்தில் அட்டை. முன்னேற்றம் என்பதை நான் என் கழுத்தாலேயே அறிந்தவன்.

உலகம் சூடாகிறது என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உச்சி வெயிலில் உப்புப் பாத்திக்குள் வெறுங்காலோடு நின்றவனுக்கு அந்தத் தகவல் மற்றவர்களுக்கு முந்தியே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் என் உள்ளங்காலில் இருந்தவரைக்கும் அது வெறும் கொப்புளம். அதைத் 'திட்டம்' ஆக்குவதற்கு டொக்டர் ஹென்றிக் வரவேண்டியிருந்தது.

டொக்டர் என்றால் மருந்து தருகிற டொக்டர் அல்ல, படித்து வந்த டொக்டர். அது தெரியாமல் முதல் நாளே நாலைந்து பெண்கள் முழங்கால் நோவு என்று வந்து நின்றார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, கடல்மட்டம் உயர்வதைப் பற்றி விளக்கி அனுப்பினார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்குவதற்கும் எங்கள் தமிழைச் 'சுருக்குவதற்கும்' சிலாபத்திலிருந்து டிலுக்ஷி மிஸ் நியமிக்கப்பட்டிருந்தார். எனக்கும் காதால் பொறுக்கிய ஆங்கிலம் கொஞ்சம் உண்டு. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் என் பணிகளில் ஒன்று.

முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நடந்தது. அன்றைக்குத்தான் யாரும் கடலுக்குப் போவதில்லை. படகுகள் எல்லாம் கரையேறி நின்றன. டொக்டர் அவற்றுக்கு நடுவால் நடந்துதான் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு வந்தார். ஒரு படகின் அணியத்தைத் தடவி, "அழகு" என்றார். பிறகு உள்ளே வந்து, படகு ஒன்றுமே இல்லாத ஒரு படத்தைச் சுவரில் விழுத்தினார்.

வானத்திலிருந்து எடுத்த படம். எடுத்தது ஒரு வேலை நாள் காலையில் என்பதால் படகுகள் கடலில், மீன் இன்னும் காயப்போடுகிற பாய்க்கு வரவில்லை. பச்சைக் கரைக்கு நடுவே சிவப்பாக ஒரு சதுரம்.

"அந்தச் சிவப்பு என்ன மிஸ்?" என்று ஸப்ராஸ் கேட்டான். துறையில் படகு வைத்திருக்கிறவர்களில் ஒருவன்.

"முற்றாகச் சீரழிந்த நிலம். ஒரு பூண்டுகூட இல்லை. அங்கேதான் கண்டல் மரம் நட்டுக் காடாக்கப்போகிறோம்."

"அது எங்கட துறை மிஸ்."

அவன் மனைவி ஸபீனா எழும்பினாள். அந்தக் கரையில் கருவாடு போடுகிற பெண்களில் அவள் வாய்க்குத்தான் முதலிடம்.

"பூண்டு இல்லாதது நான் கூட்டிறதால மிஸ். சுபஹு தொழுதிட்டு நேரா வந்து கூட்டிற. ஒரு சிப்பி, ஒரு குச்சி கிடந்தாலும் கருவாட்டில ஒட்டும். கொழும்பு யாவாரி மூஞ்சியச் சுளிப்பான்."

டிலுக்ஷி மிஸ் சுருக்கினார். டொக்டர் முகம் வாடிப் போய்க் குறிப்பெடுத்தார். அன்று மாலையே திட்டத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்தது: 'கரையோரச் சீரழிவில் பெண்களின் பங்களிப்பு'. அதுவரை பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று தலைமையகம் குறைப்பட்டுக்கொண்டிருந்ததாம்.

ஸப்ராஸ் விடவில்லை. "கண்டல் நடுறது நல்ல வேலை மிஸ். பத்தை இல்லாட்டி இறால் எங்க குஞ்சு வைக்கும். ஆனா துறையில நட்டா படகை எங்க ஏத்திற? வடக்கால நடுங்களேன்."

"அங்கே ஏற்கெனவே கண்டல் நிற்கிறது. காடு நிற்கிற இடத்தில் காடு வளர்த்தால் அறிக்கையில் வராது."

"அப்ப தெற்கால நடுங்க. ஹோட்டல்காரங்க பத்தைய வெட்டின இடம் கிடக்குத்தானே."

தெற்கே, களப்பின் அடுத்த வளைவில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் அங்கேதான் தங்குவார்கள். டொக்டர் கூரையைப் பார்த்தார். டிலுக்ஷி மிஸ் டொக்டரைப் பார்த்தார்.

"அது வெறும் இடம் இல்லை அண்ணா. அங்கே ஹோட்டல் இருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு அனுசரணையும் அவர்கள்தான். வெட்டின மரத்துக்குப் பதிலாக வேறொரு இடத்தில் நட்டுக்கொடுக்கிறார்கள். அதற்கு 'ஈடுசெய்தல்' என்று பெயர்."

"வெட்டினது அவங்கட வசதிக்கு. நடுறது எங்கட துறையிலயா?"

"அதுதான் ஈடுசெய்தல்."

ஸபீனா கொஞ்சம் யோசித்தாள். "நல்ல முறையா இரிக்கி. அப்ப நான் ஹோட்டல்காரன்ட கோழிய அறுத்துத் திண்டுட்டு, மிஸ்ஸிட வீட்டு வாசல அடைச்சு ஒரு கோழிக்கூடு கட்டிவிட்டாச் சரி."

மண்டபமே சிரித்தது. மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் டொக்டரும் சிரித்தார். 'திட்டத்தை மக்கள் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டனர்' என்று அறிக்கையில் ஏறியது.

நடுகை விழா பிரமாதம். அதைக் குறை சொல்கிறவன் நன்றிகெட்டவன். முதல் நாளே துறையைச் சுற்றிக் கம்பி வேலி அடித்தாயிற்று, தண்ணீர்ப் பக்கமும் சேர்த்து. ஹோட்டல் வானிலிருந்து விருந்தாளிகள் கையுறையும் முழங்கால் சப்பாத்துமாக இறங்கினார்கள். எல்லார் நெஞ்சிலும் 'ஒரு கன்று, ஒரு பூமி' என்று ரீசேட். ஒவ்வொரு கன்றிலும் நட்டவர் பெயர் எழுதிய பிளாஸ்டிக் அட்டை. பிளாஸ்டிக்கை ஒழிப்பது பற்றி ஒருவர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தாகம் எடுத்ததால் எல்லாருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர் கொடுத்தோம்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது கடலுக்குப் போன படகுகள் திரும்பிவிட்டன. அன்று பார்த்து நல்ல சூடைப் பாடு, படகு விளிம்புவரை மீன். வேலிக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். ஸப்ராஸ் எழும்பி நின்று என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான்.

"ஸுஹைப் நானா, வேலியத் தெறக்கச் செல்லுங்க. மீன் வெயிலில கிடக்கு."

நான் டிலுக்ஷி மிஸ்ஸிடம் சொன்னேன். அவர், "அனுசரணையாளர் பேசுகிறார், முடியட்டும்" என்றார். ஸபீனா வேலிக்கு இந்தப் பக்கம், சுருட்டிய பாயைக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். பாய் விரிக்க இடம் இல்லை.

டொக்டரோ படகுகளைக் கண்டு நெகிழ்ந்துபோனார். அவரும் எழும்பி இரண்டு கையையும் ஆட்டினார். புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். அந்தப் படம்தான் ஆண்டறிக்கையின் அட்டை: 'மீனவ மக்கள் கடல்வழியே அணிவகுத்து வந்து வாழ்த்துகிறார்கள்'. உற்றுப் பார்த்தால் ஸப்ராஸின் வாய் திறந்திருப்பது தெரியும். அவன் என்ன சொல்கிறான் என்பது படத்தில் கேட்காது. கேட்டிருந்தால் அட்டையில் போட்டிருக்கமாட்டார்கள்.

நன்றியுரை முடிவதற்குள் சூடை வயிறு வெடித்துவிட்டது. வயிறு வெடித்த மீன் கறிக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. அவ்வளவையும் களப்பில் கொட்டினார்கள். கூடிய காகங்களை விருந்தாளிகள் 'உயிர்ப்பல்வகைமை' என்று சொல்லிப் படம் எடுத்தார்கள்.

வேலி எப்போது கழலும் என்று ஸபீனா கேட்டாள்.

"மரமானதும்" என்றார் டிலுக்ஷி மிஸ்.

"அதுவரைக்கும் படகை எங்க ஏத்திற?"

இந்தக் கேள்விக்குத் திட்டத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. படகுகள் ஆழமில்லாத தண்ணீரில் நங்கூரத்தில் கிடந்தன. சோளகக் காற்று பிறந்ததும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. ஸப்ராஸின் படகு பக்கம் பிளந்தபோது அவன் கத்தியை எடுத்துக்கொண்டு வடக்கே போனான். அங்கே நின்றது வைத்த கன்று இல்லை, தானாக வளர்ந்த பழைய கண்டல்.

ஸபீனா குறுக்கே நின்றாள். "எங்கட வீட்டுக்குக் காத்து மறைப்பே அந்தப் பத்தைதான். அத வெட்டாதீங்க."

"படகு போனா அந்த வீட்டில என்னத்தத் திங்கிற?"

அவள் விலகினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வெட்டினான். மற்றவர்களும் வெட்டினார்கள். வேரைக் கிளப்பி, மணல் கொட்டி, புதிய துறை திறந்தது. அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு ஸபீனா விளக்குமாற்றோடு வந்து அதையும் கூட்டினாள்.

பழைய துறையில் நட்ட கன்றுகள் என்னாயிற்று என்று கேட்பீர்கள். காலங்காலமாகப் படகு ஏறி இறங்கி இறுகிப்போன மணல். கன்றுகள் மரியாதையாக ஒவ்வொன்றாகச் செத்தன. ஆனால் பெயரட்டைகள் ஒன்றும் சாகவில்லை. மதிப்பீடு செய்ய வந்தவர் வெயிலுக்குப் பயந்து வேலிக்கு வெளியில் நின்றே அட்டைகளைப் பார்த்துவிட்டு, திட்டம் 'வேரூன்றிவிட்டது' என்று எழுதினார்.

அடுத்த வருடம் வானத்திலிருந்து புதிய படம் வந்தது. மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி சுவர். பழைய துறை பச்சையாகிவிட்டிருந்தது. நட்ட இடத்துக்குப் பச்சை பூசுவது விதி. வடக்கே, காடு நின்ற இடத்தில், புதிதாக ஒரு சிவப்புச் சதுரம்.

டொக்டர் அந்தச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். "பாருங்கள், காலநிலை மாற்றம் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறது. நாங்கள் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறோம்." இரண்டாம் கட்டத்துக்கு அந்த நிமிடமே அங்கீகாரம் கிடைத்தது. சிவப்பில் வேலி, சிவப்பில் கன்று.

ஸபீனா எழும்பினாள். இந்த முறை குரல் தணிந்திருந்தது. "சரி மிஸ், அங்க நடுங்க. நாங்க பழைய துறைக்குப் போறம். அதிலதான் ஒரு கண்டும் உசிரோட இல்லையே."

"அது முடியாது அக்கா. அது இப்போது காடு."

"எங்க மிஸ் காடு? வாங்க போய்ப் பாப்பம்."

"வரைபடத்தில் காடு. பாதுகாக்கப்பட்ட பச்சை. அதற்குள் படகு ஏற்றினால் பொலிஸுக்குப் போகும்."

"அப்ப படகை எங்க ஏத்திற?"

டொக்டருக்கு இந்தக் கேள்வி முழுதாக மொழிபெயர்க்கப்பட்டது அன்றுதான். அவர் மகிழ்ந்துபோனார். இதற்குத் திட்டத்தில் விடை இருந்தது: 'மாற்று வாழ்வாதாரம்'. படகே இல்லாவிட்டால் படகை எங்கே ஏற்றுவது என்ற பிரச்சினை எழாது. இவ்வளவு எளிமையான ஒன்று உப்பளத்தில் இத்தனை வருடம் நின்ற என் மூளைக்கு எட்டவில்லை. ஸப்ராஸ் படகை விற்றான். கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் மூட்டை தூக்கப் போனான். ஸபீனாவுக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுக்கப்பட்டது.

நிறைவு மாநாடு அனுசரணையாளரின் ஹோட்டலில் நடந்தது. 'கரையைக் காத்தோம், உலகைக் காத்தோம்' என்று பெரிய பதாகை. தேநீர் இடைவேளையில் டொக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார். டிலுக்ஷி மிஸ்ஸும் நானும் பின்னால் போனோம். நீளமான, வெள்ளையான மணல். ஒரு சிப்பி இல்லை, ஒரு குச்சி இல்லை, ஒரு பூண்டு இல்லை. மாநாட்டில் கொடுத்த புதிய வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினேன். நீல நிறம். 'நிலைபேறான சுற்றுலா வலயம்'.

"எவ்வளவு இயற்கையான கரை" என்றார் டொக்டர்.

சற்றுத் தள்ளி மணலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். முக்காட்டுக்கு மேல் ஹோட்டல் தொப்பி. ஸபீனா. டொக்டருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஸுஹைப் நானா, தொர என்ன செல்ற?"

"கரை இயற்கையா இரிக்காம்."

அவள் டிலுக்ஷி மிஸ் பக்கம் திரும்பினாள். "மிஸ், அவருக்கு நான் செல்றதச் செல்லுங்க. இது நாசமாப்போன நிலம். ஒரு பூண்டும் இல்ல. நாளைக்கே கண்டு நட்டு, சுத்திவர வேலி அடிக்கட்டும்."

டிலுக்ஷி மிஸ் மணலைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். பிறகு சுருக்கினார்: "வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்கிறார்."

டொக்டர் நெஞ்சில் கைவைத்து ஸபீனாவுக்குத் தலை வணங்கினார். விளக்குமாற்றோடு அவளைப் படம் எடுத்தார்கள். மூன்றாம் கட்ட அறிக்கைக்கு அட்டை கிடைத்துவிட்டது.

"அங்க கூட்டினா நாசம், இங்க கூட்டினா இயற்கை" என்று மணலுக்குச் சொல்லிவிட்டு ஸபீனா குனிந்தாள். எங்கள் கால்தடங்களையும் சேர்த்துக் கூட்டினாள்.

மாநாட்டின் கடைசிப் படமாக எங்கள் கரையைக் காட்டினார்கள். வானத்திலிருந்து பார்க்க உண்மையிலேயே அழகு. சிவப்பு எங்குமே இல்லை. படகு இல்லை, பாய் இல்லை, ஆள் இல்லை. எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உலகம் காப்பாற்றப்பட்டுவிட்டது. எங்களிடமிருந்து.