ஐந்து மணிக் காட்சி ரத்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருப்பீர்கள், தங்கள் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கும் என்று நம்புகிறேன். ஒரு தலைமையாசிரியருக்கு எழுதுகிறோமே என்ற பயத்தில் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காமல் விஷயத்தை மட்டும் பார்க்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தங்கள் வீட்டில் போனை எடுப்பது சம்பந்தி அம்மா. அவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் என் மனைவிக்குத் தெரியும், அதற்கடுத்த நிமிஷம் என் மகளுக்குத் தெரியும், அப்புறம் நான் சொல்லாததும் சேர்ந்து எல்லோருக்கும் தெரியும். ஆகவே கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, நம் பேத்தியை என் கண்ணில் காட்டாமல் ஒளிக்கிறார். பொறுங்கள், கோபப்பட வேண்டாம். அவர் நல்ல பல் டாக்டர், பொறுமைசாலி, அதிர்ந்து பேச மாட்டார், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சந்தேகமே வருகிறது!

தங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி ஆளுக்கொரு ஸ்மார்ட் திரை வாங்கி அனுப்பினாரே, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், "குழந்தை ரூமைக் காட்டு" என்று சொன்னால் அவர்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கும் கேமரா வழியாகக் காட்டுமே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். குட்டி தினமும் ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் விளையாடுவாள். எனக்கு அது ஐந்து மணிக் காட்சி. முப்பத்தொரு வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். வெளிச்சத்தில் படம் பார்ப்பது எனக்கு ஆகாது. ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ஹாலில் இருக்கிற அத்தனை சுவிட்சையும் ஒரே தடவலில் அணைத்துவிட்டு உட்காருவேன். மாடி வீட்டுத் தையல்காரரும் வந்து பின்னால் உட்காருவார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன வாரம் குட்டி நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு கையை விட்டாள்! நான் எழுந்து கைதட்டியதில் கண்ணாடி கீழே விழுந்தது. மகள் போன் செய்து, "அப்பா, இன்னைக்கோ நாளைக்கோ நடந்துடுவாப்பா, பார்த்துக்கிட்டே இருங்க" என்றாள். சம்பந்தி, ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம். என் மகள் முதல் அடி வைத்த அன்று நான் ஆபரேட்டர் அறையில் இருந்தேன். யாரோ எடுத்த படத்தை யார் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. இந்த முறை விடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

மறுநாள் சரியாக ஐந்து மணி. இருட்டாக்கினேன், உட்கார்ந்தேன், "குழந்தை ரூமைக் காட்டு" என்றேன். 'கேமரா ஆஃப்லைன்' என்றது. என் சர்வீஸில் பிலிம் அறுந்தால் இரண்டு நிமிஷத்தில் ஒட்டி ஓட்டிவிடுவேன், அதற்கு மேல் போனால் நாற்காலி கிழியும். இங்கே ஒரு மணி நேரமும் போய்விட்டது! தையல்காரர் "நாளைக்கு வர்றேன்" என்று மரியாதையாக எழுந்து போனார். அடுத்த நாளும் அதே கதை. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண், "பத்து விநாடி அணைச்சு வைங்க சார்" என்றாள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று பத்து நிமிஷம் அணைத்தேன். மறுநாள் "ரீசெட் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். அது என்னையே மறந்துவிட்டு "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறது! பாஸ்வேர்டு கேட்டது. அதை வைத்தவள் என் மனைவி. "ஏங்க, நம்ம கல்யாணத் தேதிதான்" என்றாள். நான் போட்ட தேதி தப்பு என்று திரையும் சொன்னது, அவளும் சொன்னாள். திரைக்கு மூன்று வாய்ப்புக்கு மேல் கிடையாதாம், அவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அப்புறம் சிக்னல் குறைவோ என்று திரையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். பிரிட்ஜ் மேல் வைத்தேன், பீரோ மேல் வைத்தேன், கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்ததில் ஈரத்துண்டு அதன் தலையில் விழுந்தது. நான்காம் நாள் தையல்காரர் வருவதையே நிறுத்திவிட்டார்.

இப்போது முக்கியமான சாட்சியம். ஆறு நாளும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்துக்குப் போகிறது. ஆறேகாலுக்கு நான் மனசு விட்டுப்போய் எழுந்து விளக்கைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிடுகிறது! அப்போது குட்டி குளிக்கப் போயிருப்பாள், நான் காலித் தொட்டிலைப் பார்க்கிறேன். மிஷின் கெட்டால் கடிகாரம் பார்த்தா கெடும்? இது ஆள் செய்கிற வேலை. போதாக்குறைக்கு நேற்று சம்பந்தி அம்மா என் மனைவியிடம், "எங்க வீட்டுல பளிச்சுன்னு தெரியுதே, பதினோரு விநாடி தனியா நின்னாளே" என்றாராம். தங்களுக்கு ஆன்லைன், எனக்கு ஆஃப்லைன். இது எந்த ஊர் நியாயம்?

இன்றும் ஐந்துக்குப் போய்விட்டது. பொறுக்க முடியாமல் மாப்பிள்ளைக்கே போன் போட்டேன். "மாமா, இங்க நல்லாத்தானே ஓடுது" என்றார். "மாப்பிள்ளை, பல்லை வேரோட பிடுங்கத் தெரியுது, ஒரு பிளக்கை ஒழுங்கா மாட்டத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம், "சரி மாமா, கொஞ்ச நேரத்துல ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்குறேன்" என்றார். பாருங்கள், என்ன பணிவு! குற்றவாளிக்குத்தான் அவ்வளவு பணிவு வரும். போனை வைத்துவிட்டு, ஹாலை அப்படியே இருட்டில் விட்டுவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாங்கள் பெற்றவர், அதோடு வாத்தியார். கூப்பிட்டுக் கண்டிக்கவும். பெஞ்சு மேல் ஏற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கங்கள். குட்டிக்கு என் ஆயுளையும் சேர்த்து ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு இப்போதைக்கு இல்லை.

தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
மனத்தாங்கலுடன்,
பெண்ணைக் கொடுத்தவன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடவும். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், என் மனைவி கடையிலிருந்து வந்து, "இது வீடா, குகையா?" என்று ஹால் சுவிட்சுகளை எல்லாம் தட்டினாள். விளக்கு வந்தது, விசிறி வந்தது. நான் விளக்கை அணைக்கத்தான் ஓடினேன், சம்பந்தி. பார்த்தால் திரையில் படம்! போன வாரம் எலக்ட்ரீஷியன் வந்து வைஃபை பெட்டியின் ஒயரை ஹால் போர்டுக்கு மாற்றினாராம். நாலாவது சுவிட்சாம். ஆறு நாளும் காட்சியை ரத்து செய்தது நானேதான்.

திரையில் முக்கால்வாசி மாப்பிள்ளையின் காது. ஸ்டூலில் ஏறிக் கேமராவின் ஒயரை நோண்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் காதுக்கும் தோளுக்கும் நடுவில், தூரத்தில், குட்டி நாற்காலியை விட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று அடி! "மாப்பிள்ளை, திரும்புங்க, திரும்புங்க!" என்று அலறினேன். இந்தத் திரையில் படம்தான் வரும், நம் குரல் அங்கே போகாது; அந்த மனுஷன் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். என் மனைவியோ முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். என் மகள் அங்கே சமையலறையில் போலிருக்கிறது. தாங்களும் அந்நேரம் திரை முன்னால் இல்லையென்றால், உலகத்தில் பார்த்தது நான் ஒருத்தன்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன், அதனால் தங்களிடம் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா! குட்டி நடந்துட்டா! ஸ்டூல்லேர்ந்து இறங்கித் திரும்புறேன், என்னைப் பார்த்து வர்றா மாமா, நாலு அடி! முதல் அடியை நான்தான் பார்த்தேன்! நீங்க திட்டலேன்னா நான் அந்த ரூம்லயே இருந்திருக்க மாட்டேன்!" என்றார். அப்புறம் நினைவு வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரிஞ்சுதா மாமா?" என்று கேட்டார்.

"இல்ல மாப்பிள்ளை, இங்க இன்னும் ஆஃப்லைன்தான்" என்றேன்.