கடற்காகத்தின் காலில் ஆரஞ்சுப் பட்டை

“எம்.எஸ்ஸி. படிச்சிட்டுக் காக்கா எண்ணவா போற? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமேடி, நெறய இருக்குன்னு!”

செல்வமணி அத்தை இப்படிச் சொன்னபோது மீன் கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவை காக்கைகள் அல்ல, பழுப்புத்தலைக் கடற்காகங்கள், பனிக்காலத்தை இங்கே கழிக்க மலைகளைத் தாண்டி வருபவை என்று நிறுத்தி நிதானமாக விளக்கினேன்.

“அம்புட்டுத் தூரத்துலேருந்து எங்க மீனத் திருடவா வருது?” என்றாள் அத்தை. பக்கத்துக் கூடைக்காரியான அவளுக்கு எப்போதும் கடைசி வார்த்தை கைவசம் இருக்கும்.

எங்கள் வீடு திருவேட்டக்குடியில், கடலுக்குப் போகும் தெருவில். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்குக் கட்டைவிரல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்; அதோடு நிற்காமல் கல்லூரிக்கும் போய் விலங்கியலில் முதுகலை முடித்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு. ஆனால் அப்போது என்னைப் பிடித்திருந்தது பெருமை என்று சொல்வதற்கில்லை, ஒரு வகைக் காய்ச்சல். (குழம்பில் கிடக்கும் மீனுக்கு அறிவியல் பெயர் சொல்லி முடிக்கும்வரை வீட்டில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். அப்பா பல நாள் வெறும் ரசத்தோடு எழுந்துவிட்டார்.)

காரைக்கால் நகரத்தில் பறவை பார்ப்பவர்களின் குழு ஒன்று உண்டு. அதற்கு அந்துவான் சார் தலைவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பாரிசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் வருவார், மார்ச்சில் போய்விடுவார். (கடற்காகங்களுக்கும் அதே கால அட்டவணைதான். அவரிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.) போன பனிக்காலத்தில், அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து எங்கள் ஊர் வரை கரைப்பறவைகளைக் கணக்கெடுக்க உள்ளூர் ஆள் ஒருவரை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். சிறிய சம்பளம்தான். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை மாட்டலாம். அந்த அட்டையோடு செல்வமணி அத்தையின் கூடையைத் தாண்டி ஒரு முறை நடந்தால் போதும், என் பிறவிப் பயன் கிடைத்துவிடும். போட்டிக்குத் தருமபுரத்தில் ஒருவர் இருந்தார். அவரிடம் என் கை நீளத்துக்கு ஒரு கேமரா இருந்தது. யாருக்கு வேலை என்பதை அந்துவான் சார் ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

படகுகள் வந்து ஏலம் முடிந்த நேரம். கடற்காகங்கள் கூட்டமாக இரைந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் ஈர மணலில் தனியாக நின்றது. தொலைநோக்கியை வைத்துப் பார்த்தேன். அதன் வலது காலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை!

பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் வளையமும் வண்ணப் பட்டையும் மாட்டிவிடுவார்கள். எங்கே மாட்டியது எங்கே வந்து சேர்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பறவையைப் பார்க்கவே சிலர் வருடக்கணக்காகக் கரையில் தவம் கிடக்கிறார்கள். எனக்கோ வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பட்டையில் எண்ணோ எழுத்தோ தெரியவில்லை. அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுத்து உப்புக்காற்றில் அழிந்திருக்கும் என்று நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே முழு மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டேன்.

கைப்பேசியில் எடுத்த படம், மழையில் நனைந்த பஞ்சு மிட்டாய் போல வந்தது. ஆனாலும் ஆரஞ்சு தெரிந்தது. குழுவின் வாட்ஸ்அப்பில் அதைப் போட்டு, கீழே ஒரு கட்டுரையே எழுதினேன். ‘சைபீரியாவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்’ என்ற வரி அதில் இருந்தது. எங்கிருந்து அந்தச் சைபீரியாவைப் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. குளிரான ஓர் ஊர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பத்தே நிமிடத்தில் கைப்பேசி கொதித்துவிட்டது. தருமபுரத்துக்காரர் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினார். (அது மனப்பூர்வமாக இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.) அந்துவான் சார், “ஞாயிறு காலை எல்லாரும் திருவேட்டக்குடி வருகிறோம்” என்று எழுதினார்.

இதில் எதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போதே காது மடல் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கார்கள் வந்தன. ஒன்பது பேர் இறங்கினார்கள். முக்காலிகள், தொலைநோக்கிகள், தொப்பிகள். மீன் வாங்க வந்தவர்கள் மீனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், “சினிமாவா?” என்று கேட்டார். நான் காக்கிச் சட்டை அணிந்து, அம்மாவின் கூடைக்குப் பத்தடி தள்ளி நின்று, வலசையைப் பற்றி உரையாற்றினேன். சத்தமாகத்தான். செல்வமணி அத்தைக்குக் கேட்க வேண்டுமே.

“ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால ஒரு ஆய்வு நிலையம் இருக்கு. பல வருஷ உழைப்பு இருக்கு” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அது வந்தது. நேராக வந்து அம்மாவின் கூடை விளிம்புக்கு அருகே இறங்கியது. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். கேமராக்கள் படபடவென்று அடித்தன.

அம்மா அவர்களைப் பார்த்தாள். பறவையைப் பார்த்தாள். பிறகு, கூடையை யாரோ தவறாக எடுத்துவிட்டால் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

“அது நாந்தாங்க கட்டுனேன்.”

ஒன்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

“எதம்மா?” என்றார் அந்துவான் சார்.

“அந்தப் பட்டையத்தாங்க. எங்க வூட்டு அடையாளம். இந்தா, கூடையில பாருங்க.”

எங்கள் கரையில் எல்லா வீட்டுக் கூடைகளும் ஒரே மாதிரி இருக்கும், மிதவைகளும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு வீடும் ஒரு நிறத்தைக் கட்டிவைக்கும். அத்தை வீட்டுக்கு நீலம். எங்களுக்கு ஆரஞ்சு. பழைய பெயின்ட் வாளியை வெட்டிய பட்டை, அதைக் கட்டத் தங்கூசி என்கிற நைலான் நரம்பு. எங்கள் கூடையில் அது உண்டு, ஐஸ் பெட்டியில் உண்டு, அப்பாவின் மிதவை ஒவ்வொன்றிலும் உண்டு. ஒன்றாம் வகுப்பில் என் பள்ளிக்கூடப் பையிலேயே அதைக் கட்டித்தான் அனுப்பினார்கள். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த ஆரஞ்சு அது. அதை அடையாளம் தெரியாமல்தான் சைபீரியாவுக்கு அனுப்பிவைத்திருந்தேன்.

ஒன்பது தலைகள் கூடைக்குத் திரும்பின. அங்கிருந்து பறவைக்கு. அங்கிருந்து எனக்கு.

“எதுக்கும்மா கட்டுன?” என்றேன்.

“இவதான் காரணம்” என்று அம்மா அத்தையைக் கை காட்டினாள். “தெனமும் ஏங்கூடையில ஒரே காக்காதான் மீனத் தூக்குதுன்னு நாஞ்சொன்னேன். இல்ல, வேற வேற காக்கான்னு இவ ஒரே சண்ட. ஒரு நாளு அது வலையில மாட்டிக்கிச்சு. அறுத்து விடுறப்ப, சரி, இருக்கட்டும்னு நம்ம அடையாளத்தக் கட்டிவுட்டேன். மறுநாளும் அதேதான் வந்துச்சு. கேளுங்க இவள!”

“ஆமாங்க, நாந்தான் தோத்துட்டேன்” என்று அத்தை பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டாள். “ஆனா ஏண்டி கயலு, ஏதோ ஆய்வு நெலயம்னியே, அது ஒங்க வூட்டுக் கொல்லையா?”

தருமபுரத்துக்காரர் வேகமாகக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அந்துவான் சார் என்னைப் பார்த்து மெதுவாக, “இந்த இனம் சைபீரியால முட்டையே போடாதும்மா” என்றார். அதை அவர் அன்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மணல் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று காத்திருந்தேன். அப்போது தொலைநோக்கியில் மறுபடி குனிந்த அவர், “மோன் தியே!” என்றார். பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிடுகிறார் என்றால் விஷயம் பெரியது என்று எங்களுக்குத் தெரியும்.

“கால் வீங்கியிருக்கு. நைலான் நரம்பு சதைக்குள்ள இறங்குது. இப்படியே வுட்டா கால் அழுகி விழுந்துரும்.”

நானும் குனிந்து பார்த்தேன். பட்டைக்கு மேலே கால் இரண்டு மடங்காக இருந்தது. வியாழக்கிழமையும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் பட்டையைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், சைபீரியாவைப் பார்த்தேன். காலைப் பார்க்கவே இல்லை.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “லேசாத்தானங்க கட்டுனேன்? கூடைக்குக் கட்டுற மாதிரிதானே கட்டுனேன்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

அந்துவான் சார் வனத்துறைக்குப் போன் செய்தார். பிடிக்க முடிந்தால் உடனே நரம்பை அறுத்துவிடுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். எப்படிப் பிடிப்பது என்று ஒன்பது நிபுணர்களும் கூடிப் பேசினார்கள். அதற்குள் அம்மா காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, குச்சி முட்டுக்கொடுத்து, குச்சியில் கயிறு கட்டி, அடியில் ஒரு மத்தி மீனைப் போட்டுவிட்டாள்.

“கயித்த நான் இழுக்குறேன்” என்றேன். இழந்த மானத்தைக் கயிறு வழியாகவாவது இழுத்துவிடலாம் என்ற ஆசை.

முதல் முறை அவசரத்தில் இழுத்து வேறொரு கடற்காகத்தைப் பிடித்தேன். இரண்டாம் முறை காலியான கூடை விழுந்தது, மீன் போயிருந்தது. மூன்றாம் முறை சரியான பறவை உள்ளே இருந்தது, ஆனால் கூடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. யோசிக்காமல் அதன்மேல் பாய்ந்தேன். கூடை தாங்கியது. என் முகம்தான் பக்கத்தில் கிடந்த மீன் குடலுக்குள் போனது. கையை உள்ளே விட்டு இறக்கையோடு சேர்த்துப் பிடித்தேன். அது என் விரலைக் கவ்வியது. பிறகு அம்மாவிடம் அன்று காலையில் திருடியதையெல்லாம் என் காக்கிச் சட்டையில் திருப்பிக் கொடுத்தது.

“வுட்டுறாதடி!” என்று கத்திய அத்தை ஓடிவந்து தன் முந்தானையால் அதன் தலையை மூடினாள். அடங்கியது. அம்மா வலை அறுக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். அந்துவான் சார் காலைப் பிடித்துக்கொள்ள, நரம்பு ஒவ்வொரு சுற்றாக அறுந்தது. பட்டை மணலில் விழுந்தது. விட்டதும் பறவை தள்ளாடிப் பறந்து, அலை ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலையும் ஊன்றியது. அம்மா அதுவரை கத்தியை மடக்கவே இல்லை.

“எத்தன நாளாம்மா வந்துச்சு?” என்று அந்துவான் சார் அம்மாவைக் கேட்டார்.

“கட்டி இருவத்திரண்டு நாளுங்க. நடுவுல ரெண்டு நாளு வரல, வாடக்காத்து அடிச்சுது.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மற்றப் பறவைகளின் கால்களையும் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளான் என்ற சிறு கரைப்பறவை ஒன்றின் விரலில் பச்சை நூல் சுற்றியிருந்தது. ஒரு கடற்காகத்துக்கு ஒரு பாதமே இல்லை. இன்னொன்று கிழிந்த வலைத் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டே நடந்தது. இவை எதையும் அம்மா கட்டவில்லை. கரையெங்கும் நாங்கள் அறுத்துப் போட்ட நூலும் நரம்பும் கட்டியிருந்தன. ஒரு மாதமாக இதே கரையில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் நோட்டில் எண்கள் மட்டும்தான் இருந்தன.

கிளம்பும்போது அந்துவான் சார் தருமபுரத்துக்காரரைக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார்: “இந்த சீசனுக்கு நான் அவர் பேரத்தான் சொல்லப்போறேன். வருத்தப்படாத.” தருமபுரத்துக்காரர் முதன்முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும் ஒரே பதில்தான். குளியலறையில் தவளையா? “சைபீரியாலேருந்து வந்துருக்கும்.” தெரியாத எண்ணிலிருந்து அழைப்பா? “எடு, சைபீரியாலேருந்துதான்.” என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே, “மாப்ள எந்த ஊருங்க, சைபீரியாவா?” என்று அப்பா கேட்டுவிட்டார். (அந்தச் சம்பந்தம் முடியவில்லை. வேறு காரணம் என்று சொன்னார்கள்.)

அந்தப் பனிக்காலம் முழுவதும் சம்பளம் இல்லாமல், அட்டை இல்லாமல் நான் கால்களைப் பார்த்தேன். எந்தக் காலில் என்ன நூல், எந்தப் பக்கம், நொண்டுகிறதா என்று எழுதினேன். அம்மாவும் அத்தையும் கரையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, நரம்புத் துண்டைக் கீழே போடுகிறவர்களைப் பிடித்துத் திட்டுகிறார்கள். திட்டுவதில் இருவருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. அந்துவான் சார் பாரிசுக்குக் கிளம்புமுன் என் நோட்டைக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. பறவைகளுக்கு முறையாக வளையம் மாட்டக் கற்றுத்தரும் பயிற்சி முகாம்.

படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஓர் இடம் இருந்தது. நெடுநேரம் யோசித்து உண்மையையே எழுதினேன்: ‘என் தாயார் ஒரு பறவைக்குப் பட்டை கட்டியிருக்கிறார். அதை அறுத்துவிட்டபோது பறவையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.’

போன திங்கட்கிழமை அதைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.